மத்தாப்பு மாமாவின் புதிய புத்தகம்

ஜனவரி 6

கோவில்பட்டி. பத்து மணி நிகழ்ச்சி பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. பள்ளித் தாளாளர் வந்து சேரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். முந்நூறு பிள்ளைகள் வெயிலில் கைகட்டி உட்கார்ந்திருந்தன. அந்த மனிதர் வந்தார், ஒழுக்கத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "இப்போது மத்தாப்பு மாமா பிள்ளைகளை மகிழ்விப்பார்" என்றார். குரங்காட்டி குரங்கை அவிழ்த்துவிடும்போது இதே தொனியில்தான் சொல்வான்.

அப்பா எனக்கு வைத்த பெயர் கோமதிநாயகம். அது இப்போது ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம், நாற்பத்தொரு புத்தகம், எழுத்தும் நானே, படமும் நானே. ஐம்பத்தொன்பது வயதாகிறது, இன்னும் மாமா.

வழக்கம்போல யானை வரைந்தேன். பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் முழு யானை. பிள்ளைகள் ஓவென்று கத்தின. பிறகு ஓவியப் போட்டி. நானே நடுவர். முந்நூறு தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு ஆறு, ஓரத்தில் குடிசை. இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிக்கு ஆறு என்றால் என்னவென்றே தெரியாது. தாளாளரின் பேரனுக்கு முதல் பரிசு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். எல்லாம் ஒரே மலைதான், யாருக்குக் கொடுத்தால் என்ன.

பொன்னாடை போட்டார்கள். வேனுக்கு வந்ததும் ரெஜினா அதை வாங்கிப் புத்தகப் பெட்டிக்கு மேல் போர்த்திவிட்டாள். ரெஜினா தூத்துக்குடிக்காரி, நாற்பத்திரண்டு வயது. பதிப்பகத்தின் ஆம்னி வேனை ஓட்டுவதும், போகிற பள்ளிகளில் மேசை போட்டு என் புத்தகங்களை விற்பதும் அவள் வேலை. என்னை அண்ணாச்சி என்பாள். இந்தச் சுற்றுப்பயணத்தில் மாமா என்று கூப்பிடாத ஒரே ஆள் என்பதற்காகவே அவள் வாயைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 7

சாத்தப்பன் போனில் பிடித்துக்கொண்டான். மணிப்புறா பதிப்பகத்தை அவன் அப்பா நடத்தியபோது அது பதிப்பகம். இப்போது அது கடை. பையனுக்கு முப்பத்தைந்து வயது. கதை எழுதுவது மாவு அரைப்பதற்குச் சமம் என்று நினைக்கிறான்.

"சார், கடைசி புக்கு வந்து ஆறு வருஷமாச்சு. பிப்ரவரிக்குள்ள புதுசா ஒண்ணு குடுங்க. இல்லேன்னா ஸ்கூல் நிகழ்ச்சிக்கெல்லாம் நான் வேற ஆளப் பாக்கிறதா இருக்கும்."

"வேற ஆள் யாரு இருக்கான்?"

"இருக்காங்க சார். அப்புறம் ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க படத்துல எல்லாமே இடது பக்கம் பாத்துதான் நிக்குது. நாம பக்கத்த முன்னால புரட்டுறோம், உங்க யானை பின்னால போகுது."

என் கை அப்படித்தான் போகும் என்றேன். படம் வரையத் தெரியாதவன் எல்லாம் யானைக்கு வழி சொல்கிறான்.

கதை எதுவும் இல்லை. ஆறு வருடமாக இல்லை. இதை இங்கே எழுதுவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஜனவரி 9

விளாத்திகுளம் தாண்டிச் சுரைக்குளம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. பெயரில் மட்டும் குளம். நாற்பத்தாறு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், ஒரு வேப்பமரம். மேடை கிடையாது, மைக் கிடையாது. தலைமையாசிரியை பூரணவல்லி அம்மாள் என்னை வரவேற்று, "நீங்க வந்தது எங்க ஊருக்கே பெருமை சார்" என்று மூன்று முறை சொன்னார். நாலாவது முறை சொல்வதற்குள் யானையை ஆரம்பித்தேன்.

தும்பிக்கையில் பாதி வந்திருப்பேன். தெருவில் ஹாரன் சத்தம். அவ்வளவுதான், பெரிய பிள்ளைகள் பாதிப் பேர் எழுந்து ஓடிவிட்டார்கள். தண்ணி லாரி வந்துவிட்டதாம். வாரத்துக்கு இரண்டு தடவைதான் வருமாம். அம்மாமார்கள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பதால் பிள்ளைகள்தான் குடம் வைக்க வேண்டுமாம். முப்பத்திரண்டு வருடத்தில் என் நிகழ்ச்சியை ஒரு லாரி கலைத்தது இதுதான் முதல் தடவை. பூரணவல்லி அம்மாள் வெட்கமே இல்லாமல், "பத்து நிமிஷம் சார், வந்துருவாங்க" என்றார்.

கிளம்பும்போது வழக்கமான சடங்கு. பிள்ளைகள் வரைந்த படங்களை மாமாவுக்குப் பரிசாகக் கொடுப்பது. கட்டுக்கட்டாகச் சூரியன், மலை. கடைசியில் ஒரு பெண், நாலாம் வகுப்பு, ஈரப் பாவாடையோடு வந்து இடது கையால் ஒரு நோட்டை நீட்டியது.

"பெரியவங்களுக்கு வலது கையால குடு" என்று டீச்சர் அதட்டினார். அது கையை மாற்றிக்கொண்டது.

"பேர் என்னம்மா?"

"இசக்கிப்பிரியா. இது படம் இல்ல மாமா, புக்கு. நானே எழுதி நானே வரைஞ்சது. நீங்க படிச்சுட்டு நல்லாருக்கா இல்லையான்னு சொல்லுங்க."

பார்க்கிறேன் என்றேன். எல்லாப் பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 10

விளாத்திகுளம் லாட்ஜ். காலையில் அறையைக் காலி செய்யும் முன் படங்களைக் காலி செய்தேன். லாட்ஜ் குப்பைக்கூடைகளை யார் செய்கிறார்கள் தெரியவில்லை, ஒரு பள்ளிக்கூடத்துப் படங்கள்கூட அதில் அடங்குவதில்லை. காலால் மிதித்து அமுக்க வேண்டியிருக்கிறது.

ரெஜினா பெட்டி தூக்க வந்தவள் பார்த்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி செய்தீய? புள்ளைய ஆசையா குடுத்தது."

"உனக்கு வேணும்னா நீ எடுத்துக்கோ" என்றேன். எடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஊர் வரும்வரை பேசவும் இல்லை. அதுவே பெரிய நிம்மதி.

அந்தச் சுரைக்குளத்துப் பெண்ணின் நோட்டும் அந்தக் கட்டில்தான் இருந்தது. ரூல் போட்ட நோட்டுத் தாளைப் பாதியாக மடித்து, நடுவில் கறுப்பு நூலால் தைத்திருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் ஒரு லாரி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு. கிறுக்கல். இரண்டு சக்கரம் ஒரே அளவில் இல்லை. அதைக் கூடையில் போடவில்லை. தைத்த நோட்டு, கூடையில் சரியாக அமுங்காது.

ஜனவரி 13

பொங்கல் விடுமுறை. மதுரையில் வீட்டுக்கு வந்துவிட்டேன். கிழக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை நன்றாகத் துடைத்தேன்.

ஜனவரி 15

கதை வந்துவிட்டது. இப்படித்தான் வரும். ஆறு வருடம் ஒன்றுமே இருக்காது, ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது முழுதாக வந்து நிற்கும். கதை எங்கிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் கேட்கிறார்கள், முட்டாள்கள்.

தலைப்பு: தண்ணி லாரிக்குத் தாகம். ஊர் ஊராகத் தண்ணீர் கொண்டுபோகும் லாரி. எல்லாரும் குடத்தை நீட்டுகிறார்கள், உனக்குத் தாகமா என்று லாரியை ஒருவரும் கேட்பதில்லை. ஒரு நாள் வழியில் நின்று தன் வயிற்றுத் தண்ணீரைத் தானே குடித்துவிடுகிறது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறது.

நன்றாக இருக்கிறது. என் நாற்பத்தொரு புத்தகத்தில் எதுவும் இந்த அளவுக்கு வரவில்லை.

ஜனவரி 19

காலை ஏழு முதல் பத்துவரை ஜன்னல் வெளிச்சம் கிடைக்கிறது. அதற்குள் இரண்டு பக்கம் முடித்துவிடுகிறேன். தாளைக் கண்ணாடியில் ஒட்டி நின்றபடியே வேலை செய்வதால் இடுப்பு கழன்றுவிடுகிறது. ஆனால் கோடு பிரமாதமாக வருகிறது. ஒரு அச்சமும் இல்லாத கோடு. சக்கரங்களை ஒரே அளவாக்கிப் பார்த்தேன். செத்துப்போனது. திரும்பவும் பழையபடியே வைத்தேன்.

பிப்ரவரி 3

சாத்தப்பனுக்கு அனுப்பியாயிற்று. அரை மணி நேரத்தில் போன்.

"சார், என்ன சார் இது, இத்தன வருஷமா எங்க வச்சிருந்தீங்க? முத தடவையா உங்க வண்டி முன்னால பாத்துப் போகுது."

"நீ சொன்னத யோசிச்சுப் பாத்தேன்" என்றேன்.

பாராட்டுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அது அவனிடம் இல்லை.

பிப்ரவரி 4

அந்தத் தையல் நோட்டை மொட்டைமாடியில் வைத்துக் கொளுத்தினேன். பழைய காகிதம் வீட்டில் கிடந்தால் கரையான் வரும்.

ஜூன் 12

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் நாக்கைத் தொங்கப்போட்ட லாரி. கீழே 'கதை, ஓவியம்: மத்தாப்பு மாமா'. அச்சு சுமார். மஞ்சள் கொஞ்சம் கூடிவிட்டது. யாருக்கும் தெரியாது, தெரிகிற கண் எவனுக்கு இருக்கிறது.

இன்று அருப்புக்கோட்டையில் முதல் வாசிப்பு. யானையை விட்டுவிட்டு இதைப் படித்தேன். லாரி தன் தண்ணீரைத் தானே குடிக்கும் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர்கள் எதற்கும் அழுவார்கள்.

ஜூன் 19

ரெஜினாவுக்கு வேலையில் கவனமே இல்லை. மூன்று பள்ளியாகப் பார்க்கிறேன், பழைய புத்தகங்களை எல்லாம் மேசையில் அடுக்குகிறாள், புதுப் புத்தகம் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. கேட்டால் மறந்துபோச்சு என்கிறாள். நானே எடுத்து அடுக்கினேன். திரும்பி வந்து பார்த்தால் அதன் மேல் பில் புத்தகத்தை வைத்திருக்கிறாள்.

ஜூன் 26

ஒரு அறக்கட்டளை இந்த வருடத்தின் சிறந்த சிறார் நூல் என்று என் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறதாம். செப்டம்பரில் சென்னையில் விழா. சாத்தப்பன் குதிக்கிறான். நடுவர் குழுவில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் குழந்தைப் புத்தகம் என்றால் என்னவென்று தெரியாது. இருந்தாலும் முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது கண்ணைத் திறந்தார்களே.

ஜூலை 3

சாத்தூர். அரசு மேல்நிலைப்பள்ளி. நிகழ்ச்சி முடிந்ததும் ஓவிய ஆசிரியர் ஒருவர் வந்தார். அமிர்தசாமி என்று பெயர், வேட்டி, சட்டைப் பையில் நாலு பென்சில். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாராம். வாழ்நாள் முழுக்கத் தொட்டியும் வாழைப்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்த ஆள். கையெழுத்து வாங்கத்தான் வருகிறார் என்று பேனாவை எடுத்தேன்.

"உங்க எல்லாப் புக்கும் எங்கிட்ட இருக்கு சார்" என்றார். "பையனுக வாங்குறதுக்கு முன்னாடி நான்தான் வாங்குவேன். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வலது கைக்காரன் பக்கவாட்டுல ஒண்ணை வரைஞ்சா பெரும்பாலும் மூஞ்சி இடது பக்கம் போகும். கை அப்படித்தான் சுழலும். உங்க யானை, நரி, பஸ்ஸு, எல்லாம் அப்படித்தான். இந்த லாரி எல்லாப் பக்கத்துலயும் வலது பக்கம் பாக்குது."

"பதிப்பாளர் கேட்டுக்கிட்டார். மாத்திப் பழகினேன்."

"வண்டியப் பழகலாம் சார். நிழலுக்குச் சின்னச் சின்னதா கோடு போட்ருக்கீங்களே, அதுவும் எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கு. அது பழகி வராது. நான் இருபத்தெட்டு வருஷமா பிள்ளைக கையப் பாத்துட்டிருக்கேன்." அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "இது இடது கைக் கோடு சார். அதுவும் சின்னக் கை. நான் யார்ட்டயும் சொல்றதுக்காகக் கேக்கல."

கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார்.

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும்போது அவளுடைய தாளைத் திருப்பி ஒட்டியிருந்தால் போதும். எல்லாம் இடது பக்கம் பார்த்திருக்கும், கோடும் சரியாகச் சாய்ந்திருக்கும். அரை நொடி வேலை. முப்பத்திரண்டு வருட அனுபவம் இருந்தும் அது தோன்றவில்லை. எழுதிவிட்டேன், இனி அடிக்கப் போவதில்லை.

ஜூலை 4

வேனில் ரெஜினா, கேட்காமலே, சாலையைப் பார்த்தபடி பேசினாள்.

"அந்த வாத்தியார் சொன்னது எனக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி. எனக்குக் கோடு கீடெல்லாம் தெரியாது. அந்தப் புள்ள நோட்டக் குடுக்குமுன்ன மேசைப் பக்கம் வந்து எங்கிட்ட முழுக்கதையும் சொல்லிச்சு. நீங்க யானை போட்டுக்கிட்டு இருந்தீய."

"அப்ப ஜூன்லயே ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீயன்னு பாத்தேன். இனி நான் அந்தப் புக்க எடுத்து வைக்க மாட்டேன். வேலைய விட்டு நிறுத்தச் சொன்னாலும் சரி."

புத்தகம் விற்பவள் எனக்கு நீதி சொல்கிறாள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். வெயில் கொளுத்தியது. உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 7

இந்த மாத நிகழ்ச்சிப் பட்டியல் வந்தது. பதினேழாம் தேதி சுரைக்குளம். பூரணவல்லி அம்மாள் விரும்பி அழைத்திருக்கிறாராம். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று சாத்தப்பனுக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நாள் கழித்து வரப்போகும் காய்ச்சலா என்று அவன் சிரித்துப் பதில் போட்டிருக்கிறான்.

ஜூலை 10

சாத்தப்பனிடம் சொல்லிவிட்டேன். நோட்டு, ஜன்னல், எல்லாம். கொளுத்தியதை மட்டும் சொல்லவில்லை. அவன் கத்துவான், விருது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வான், என்னைத் துரத்திவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்தால் ஒருவிதத்தில் நிம்மதி என்றுகூட நினைத்தேன்.

"இவ்வளவுதானா சார்?" என்றான். "நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். நாலாங்கிளாஸ் புள்ள சார், அதுக்கு என்ன தெரியும்? பொழுது போகாம கிறுக்கினது. நீங்க தொட்டதாலதான் அது புக்காச்சு. அதுங்களுக்கு ஒரு சாக்லேட் குடுத்தா மறந்துரும்."

இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லாதது இல்லை. வருடக்கணக்காக இதைத்தான் லாட்ஜ் லாட்ஜாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அவன் வாயில் கேட்டபோதுதான் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டு முகம் கழுவினேன்.

பதினேழாம் தேதி போகிறேன். எல்லார் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன்.

ஜூலை 17

சுரைக்குளம்.

இந்தத் தடவை எங்கிருந்தோ மைக் வாங்கிவைத்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர், அவர் மனைவி, வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர், நாலு நாற்காலி. விருது கிடைத்த செய்தி பேப்பரில் வந்துவிட்டதாம். இசக்கிப்பிரியா இப்போது ஐந்தாம் வகுப்பு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை. வேன் நின்ற நேரத்தில் ரெஜினாவிடம் போய், "மாமா என் புக்கப் படிச்சாங்களா?" என்று கேட்டாளாம். அவரிடமே கேள் என்று ரெஜினா சொல்லிவிட்டாள்.

எழுந்து மைக்கைப் பிடித்தேன். வீட்டில் எழுதிப் பழகியதெல்லாம் நேரான வார்த்தைகள். முன்னால் நாற்காலிகள், கழுத்தில் மாலை. வாயில் வேறு வந்தது.

"இந்த நூலுக்கு விதை போட்டது நான் அல்ல" என்றேன். "உங்கள் பள்ளி மாணவி இசக்கிப்பிரியா தந்த ஒரு சிறு விதைதான் இந்தப் புத்தகம். இதன் பெருமை எல்லாம் அந்தக் குழந்தையையே சேரும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஊராட்சித் தலைவர் எழுந்து நின்று தட்டினார். பூரணவல்லி அம்மாள் மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பாத்தீங்களா பிள்ளைங்களா, இவ்வளவு பெரிய மனுஷர், நம்ம ஊர்ப் புள்ள பேரச் சொல்றார். இதுதான் பெருந்தன்மை" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. "இசக்கிப்பிரியா, இங்க வா. மாமா கால்ல விழுந்து கும்பிடு."

வேண்டாம் என்றேன். அது மைக்கில் வரவில்லை. வந்திருந்தாலும் அதையும் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். டீச்சர் அவள் தோளை அழுத்தினார். அவள் குனிந்து என் செருப்பைத் தொட்டாள். எழுந்தவள், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் வெத குடுக்கல மாமா. முழுசாத்தான் குடுத்தேன்."

அதற்குள் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. நேராக நின்றேன்.

திருடினேன் என்று ஒரு சொல். அதைச் சொல்லத்தான் மதுரையிலிருந்து வந்தேன். அதைச் சொல்லாமல் ஒரு மாலையும் ஒரு நமஸ்காரமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இத்தனை வருடமாக எத்தனை பேரைக் கேவலம் என்று இந்த நோட்டில் எழுதியிருப்பேன். இவனை மாதிரி ஒருத்தனைப் பார்த்ததில்லை.

ஜூலை 18

விடிகாலையிலேயே லாட்ஜில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று அறக்கட்டளைக்கு, ஒன்று சாத்தப்பனுக்கு. இந்த முறை நேரான வார்த்தைகள். ரெஜினாவே தபால் பெட்டிவரை ஓட்டிப்போனாள். சாத்தப்பனுக்குப் போனிலும் சொன்னேன். இனி எந்தப் பள்ளிக்கும் நான் போக வேண்டாம் என்றான். ரெஜினா வேனை மட்டும் நாளைக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாம்.

"அப்ப இன்னைக்கு வண்டி நம்மளுதுதான்" என்றாள் ரெஜினா. சுரைக்குளத்துக்குத் திருப்பினாள்.

காலை வழிபாட்டு நேரம். மைக்கும் இல்லை, நாற்காலியும் இல்லை. பூரணவல்லி அம்மாள் பதறிப்போய் வந்தார், எதையாவது விட்டுவிட்டுப் போய்விட்டீர்களா சார் என்று. பிள்ளைகளிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றேன்.

"நேத்து நான் பொய் சொன்னேன்" என்றேன். "இந்தக் கதை இசக்கிப்பிரியா எழுதினது. படமும் அவ போட்டது. படிச்சுப் பாக்கச் சொல்லி எங்கிட்ட குடுத்தா. நான் அதை அப்படியே ஜன்னல் கண்ணாடியில வச்சுப் பாத்து வரைஞ்சு, என் பேரைப் போட்டுக்கிட்டேன். திருடிட்டேன். அவ நோட்ட எரிச்சுட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. பூரணவல்லி அம்மாள் என்னைப் பார்க்காமல் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பையன், "அப்ப உங்கள போலீஸ்ல பிடிப்பாங்களா?" என்றான். தெரியவில்லை என்றேன். இந்த முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னது இதுதான்.

இசக்கிப்பிரியா முன்னால் வந்தாள். அழவில்லை. புத்தகத்தைக் கேட்டாள், கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஒவ்வொரு பக்கமும் விரலை வைத்து, அவசரமே இல்லாமல். மொத்தப் பள்ளியும் வெயிலில் காத்திருந்தது. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எல்லாம் எழுதினபடிதான் இருக்கு" என்றாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. "மழ யாரு போட்டது?"

அது நான் போட்டது. குழந்தைக் கதை அழுகையில் முடியக் கூடாது என்று, எல்லாரும் லாரியைச் சுற்றி நின்று நனைகிற மாதிரி, ஒரு பக்கம் முழுக்க மழை.

"நான்தான்" என்றேன்.

"என்னுதுல மழ கெடையாது. ஊர்க்காரங்க எல்லாரும் லாரியத் தள்ளிக்கிட்டு கெணத்துக்குப் போவாங்க. கெணத்துலயும் தண்ணி இருக்காது. அவங்களும் லாரியும் ஒண்ணா உக்காந்துக்குவாங்க. அவ்வளவுதான்."

"அது நல்லாருக்கு" என்றேன். ஜனவரியில் அவள் கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவள் புத்தகத்தை அகலமாக விரித்து, கடைசித் தாளை ஓரத்தோடு, நிதானமாகக் கிழித்தாள். புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். தாளை என்னிடம் நீட்டினாள்.

"இது மட்டும்தான் உங்களுது" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.